வீட்டு வாசலில் தொடங்காத கணக்கு



வீடற்ற இளையோரை எண்ணுவது எப்படி என்பதே இவ்வுரையின் பொருள். எண்ணுவதற்கும் ஓர் உரை வேண்டுமா, ஒன்று இரண்டு என்று எண்ணத் தெரியாதவர் யார் என்று சிலருக்குத் தோன்றக்கூடும். ஆயினும், யாரை வீடற்றவர் என்று கொள்வது, எங்கே நின்று எண்ணுவது, எந்த இரவில் எண்ணுவது, எவரைக் கொண்டு எண்ணுவது என்னும் வினாக்களுக்குத் தரப்படும் விடையைப் பொறுத்து, ஒரே ஊரின் தொகை பத்தாகவும் ஆகலாம், நூறாகவும் ஆகலாம். அரசின் உதவியும் நிறுவனங்களின் திட்டமும் அந்தத் தொகையின் பின்னாலேயே நடப்பதால், எண்ணப்படாத பிள்ளை உதவிக்கும் வெளியே நின்றுவிடுகிறது.

முதலில், யாரைப் பற்றிய பேச்சு இது? வீடற்றவர் என்றவுடன் பஸ் நிலையத்து வாங்கில் சாரத்தைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் முதியவரின் உருவமே பலர் மனத்தில் எழுகிறது. இளையோரின் வீடின்மைக்கு அந்த உருவம் இல்லை. தாய் மத்திய கிழக்கில் பணிப்பெண்ணாக இருக்க, தகப்பன் வேறு குடும்பம் கண்டுவிட, அம்மம்மா வீட்டில் மூன்று மாதம், சின்னம்மா வீட்டில் இரண்டு மாதம், சிநேகிதன் வீட்டு விறாந்தையில் சில கிழமைகள் என்று நகரும் பதினாறு வயதுப் பையனுக்குத் தெருவில் படுக்கும் நிலை ஒரு நாளும் வந்திராமல் இருக்கலாம். அவனுக்கு வீடு இருக்கிறது என்று சொல்ல முடியுமா? கடை பூட்டிய பின்னர் அரிசி மூட்டைகளுக்கு இடையில் பாய் விரித்துக்கொள்ளும் கடைப்பையனுக்கும், மீன்பிடிக் காலம் முழுவதும் வாடியிலேயே கிடக்கும் இளைஞனுக்கும், பதினெட்டு வயது நிறைந்ததும் ஒரு பையில் இரண்டு உடுப்பையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியையும் வைத்துக்கொண்டு சிறுவர் இல்லத்திலிருந்து வெளியேறும் பெண்பிள்ளைக்கும் இதே வினா பொருந்தும்.

அவுஸ்திரேலிய ஆய்வாளர்களான சேம்பர்லினும் மெக்கன்சியும் 1992 இல் இதற்கு ஒரு தெளிவான வரையறை தந்தனர். வானமே கூரையாகவோ பாழடைந்த கட்டடத்திலோ படுப்பது முதல்நிலை வீடின்மை; உறவினர், நண்பர், தற்காலிக விடுதி என்று இடம் மாறிக்கொண்டே இருப்பது இரண்டாம் நிலை; சொந்தக் குளியலறையோ சமையலிடமோ எழுத்திலான குத்தகையோ இன்றி வாடகை அறையில் நீண்டகாலம் காலந்தள்ளுவது மூன்றாம் நிலை. இளையோர் மிகுதியாக இருப்பது இரண்டாம் நிலையில். கண்ணுக்குத் தெரியாத நிலையும் அதுவே.

இலங்கையின் கணக்குகள் இவர்களை எங்கே வைத்தன? இத்தீவின் முதலாவது முறையான தொகைமதிப்பு 1871 இல் நடந்தது. அன்று முதல் இன்று வரை அதன் நடை ஒன்றே: வீடுகளை வரிசைப்படுத்தி, வாசலுக்கு வாசல் சென்று, குடும்பத் தலைவரிடம் கேட்டு, உள்ளே இருப்பவர்களை எழுதிக்கொள்வது. தெருவில் உறங்குவோரை எண்ணத் தனி ஏற்பாடு செய்யப்பட்டாலும், கணக்கின் முதுகெலும்பு வீட்டுப் பட்டியலே. குடும்பத் தலைவரிடம் கேட்டால் அவர் யாரைச் சொல்லுவார்? நிரந்தரமாக இருப்பவர்களைச் சொல்லுவார். இரண்டு மாதம் தங்கவந்த மருமகனை, ‘அவன் அவங்கட வீட்டுக் கணக்கில வருவான்’ என்று விட்டுவிடுவார். அந்த இன்னொரு வீட்டிலும் அவனைச் சொல்லமாட்டார்கள். இரண்டு வாசலிலும் தவறவிடப்பட்ட பிள்ளை எந்தப் படிவத்திலும் இல்லை.

மட்டக்களப்பு மாவட்டத்திற்கு இந்த இடைவெளி இன்னும் ஆழமானது. 1981 மார்ச்சில் எடுக்கப்பட்ட தொகைமதிப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 3 லட்சத்து 30 ஆயிரம் அளவில் இருந்தது. 1991 இல் நடந்திருக்க வேண்டியது போரினால் நடக்கவே இல்லை. 2001 இல் நாட்டின் 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக எண்ண முடிந்தது. முழுமை பெறாத ஏழு மாவட்டங்களுள் மட்டக்களப்பும் ஒன்று. 2012 இல்தான் மீண்டும் முழுமையாக எண்ணப்பட்டு, மக்கள்தொகை 5 லட்சத்து 26 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது தெரியவந்தது. இடையில் கடந்தவை முப்பத்தொரு ஆண்டுகள். 1981 இன் பின் பிறந்து, பதின்பருவத்தைக் கடந்து, இளமையையும் கடந்து, தாமே பெற்றோராகிவிட்ட ஒரு தலைமுறை, தன் இளமைக்காலத்தில் ஒரு முழுத் தொகைமதிப்பைக்கூடக் காணவில்லை. இடம்பெயர்வும் முகாமும் மிகுந்திருந்த ஆண்டுகளும் அவையே என்பதை அவையோர் நினைவிற் கொள்ள வேண்டும்.

இனி, அமிர்தகழிக்கு மிக அருகிலுள்ள ஓர் எடுத்துக்காட்டிற்கு வருவது பொருந்தும். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி வந்து நாவலடி, டச்பார், கல்லடி, திருச்செந்தூர் என்று கரையோரக் குடியிருப்புகளை அழித்துச் சென்ற சில வாரங்களில், தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் பாதிக்கப்பட்ட 13 மாவட்டங்களில் சேதமுற்ற கட்டடங்களையும் பாதிக்கப்பட்ட ஆட்களையும் எண்ணும் ஒரு தனித் தொகைமதிப்பை நடத்தியது. அவ்வளவு பெரிய அழிவின் நடுவே அவ்வளவு விரைவாக அதனைச் செய்து முடித்த அலுவலர்களின் உழைப்பு பாராட்டுக்குரியது. ஆனால் அதன் பின் வந்த வீட்டுத் திட்டம், இழந்த ஒரு வீட்டுக்கு ஒரு வீடு என்ற கொள்கையில் நின்றது. வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டக்கூடாது என்று முதலில் விதிக்கப்பட்டதனால், நாவலடிக் குடும்பங்கள் பலவற்றிற்கு நகரின் வடபுறத்தே திராய்மடுவில் வீடுகள் அமைந்தன.

ஒரு வீட்டுக்கு ஒரு வீடு என்பது கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. மட்டக்களப்பின் குடிவழக்கத்தை அறிந்தோருக்கு அதிலுள்ள சிக்கல் உடனே புலப்படும். இப்பிரதேசத்தில் வீடு பெண்வழிச் சொத்து. மூத்த மகள் கலியாணம் முடித்ததும் தாய் வீட்டைச் சீதனமாக அவளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அதே வளவில் இன்னொரு வீட்டை எழுப்பி, இளைய மகளுக்காக அங்கே நகர்வார். மருமகன் பெண்வீட்டுக்கு வந்து சேருவார். ஆகவே ஒரு கூரையின் கீழ் அல்லது ஒரு வளவுக்குள், தாயின் குடும்பம், மகளின் குடும்பம், கலியாணத்துக்கு நிற்கும் இளைய பெண்பிள்ளைகள் என்று இரண்டு மூன்று குடும்பங்கள் இருப்பது இங்கு இயல்பு. குடும்பத் தலைவர் ஒருவர், வீடு ஒன்று என்று எழுதிய படிவத்தில் இவர்கள் எல்லோரும் ஒரு வரியாகினர். புதிய வீட்டின் உறுதி பெரும்பாலும் குடும்பத் தலைவர் எனக் கொள்ளப்பட்ட ஆணின் பெயருக்குச் சென்றது. வீடு பெண்ணுக்கே உரியது என்ற வழக்கம் அங்கே ஆட்டம் கண்டது. மட்டக்களப்பின் பெண்கள் அமைப்புகள் இதற்கெதிராகக் குரல் எழுப்பின. ஆயினும் எவரும் போதுமான அளவு கேளாத வினா ஒன்று எஞ்சியிருந்தது: அந்தப் படிவத்தில் இளைய மகள் எங்கே? அவளுக்குப் பின்னே எழுந்திருக்க வேண்டிய வீடு எங்கே? 2004 இல் ஐந்து வயதாக இருந்த பிள்ளைக்கு 2024 இல் இருபத்தைந்து வயது. கணக்கில் தொலைந்த அந்தப் பிள்ளைகளே இன்றைய இளையோர்.

இந்தச் சிக்கல் இலங்கைக்கு மட்டும் உரியதா? செல்வம் கொழிக்கும் நாடுகளிலும் இதே கதைதான். ஐக்கிய அமெரிக்காவில் ஜனவரி மாதத்தின் கடைசிப் பத்து நாள்களுள் ஓர் இரவைத் தெரிந்தெடுத்து, தொண்டர்கள் கைவிளக்கோடு வீதிகளிலும் பாலங்களின் அடியிலும் தேடி, விடுதிகளின் பதிவேடுகளையும் சேர்த்து, வீடற்றோரை எண்ணுகின்றனர். ஓரிரவுக் கணக்கு என்று இதனைச் சொல்லலாம். 2017 ஆம் ஆண்டின் அந்த இரவில், பெற்றோர் துணையின்றி இருந்த 25 வயதுக்குக் குறைந்தோர் ஏறத்தாழ 41 ஆயிரம் பேர் எனப் பதிவாயிற்று. அதே ஆண்டு நவம்பரில், சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சேப்பின் ஹோல் ஆய்வு நிலையம் வேறொரு வழியில் கண்ட விடையை வெளியிட்டது. நாடளாவிய ஒரு தொலைபேசி ஆய்வில், கடந்த பன்னிரண்டு மாதங்களில் நிலையான தங்குமிடம் இன்றி இருந்த காலம் உண்டா என்று கேட்டபோது, 18 முதல் 25 வயதுக்குட்பட்டோரில் பத்தில் ஒருவருக்கும், 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் முப்பதில் ஒருவருக்கும் அந்த நிலை ஏற்பட்டிருந்தது தெரியவந்தது. மூத்த பிரிவில் மட்டும் 35 லட்சம் பேர்! ஓர் இரவையும் ஓர் ஆண்டையும் நேராக ஒப்பிட முடியாது என்பது உண்மையே. ஆயினும் இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் பெரும்பகுதி, நண்பர் வீட்டுக் கட்டில்களிலும் உறவினர் வீட்டு மூலைகளிலும் படுத்திருந்தவர்களால் நிரம்பியது.

அப்படியானால் புதிய வழிகள் எவை? அவற்றின் உயிர்நாடி, வீட்டிலிருந்து ஆளைத் தேடுவதை விட்டு, ஆளிடமிருந்து தொடங்குவது. ‘உங்கள் முகவரி என்ன’ என்று கேளாமல் ‘நேற்றிரவு எங்கே படுத்தீர்கள், அடுத்த கிழமையும் அங்கே படுக்க முடியுமா’ என்று கேட்பது. அவுஸ்திரேலியாவில் 1994, 2001, 2006 ஆகிய ஆண்டுகளில் நாடெங்கிலுமுள்ள இடைநிலைப் பாடசாலைகளிடம் வீடற்ற மாணவர்களைப் பற்றி ஒரே கிழமைக்குரிய கணக்குக் கேட்கப்பட்டது. எந்தப் பிள்ளை வீட்டுப்பாடப் புத்தகத்தை ஒவ்வொரு நாளும் வேறு வேறு பையில் கொண்டுவருகிறது, எந்தப் பிள்ளை மழைக்காலத்தில் ஒரே வெள்ளைச் சட்டையைக் காயாமலே போட்டுவருகிறது என்பதை, வாசலில் நிற்கும் கணக்கெடுப்பாளரைவிட வகுப்பாசிரியர் நன்கு அறிவார் அல்லவா?

எண்ணுவோர் யார் என்பதும் மாறியிருக்கிறது. வீடின்மையைத் தாமே அனுபவித்த இளையோரைப் பயிற்றுவித்து, ஊதியமும் கொடுத்து, அவர்களையே எண்ணுவோராக அனுப்பும் வழக்கம் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஏற்பட்டது. தன் வயதையொத்த ஒருவன் வந்து கேட்கும்போது சொல்லப்படும் விடை வேறு; கழுத்தில் அடையாள அட்டை தொங்க வரும் அலுவலருக்குச் சொல்லப்படும் விடை வேறு. ஓர் இரவுக்குப் பதிலாக ஒரு கிழமை முழுவதும் எண்ணுவதும், உணவும் விளையாட்டும் உள்ள ஓரிடத்திற்கு இளையோரை வரவழைத்து அங்கேயே எண்ணுவதும் இதனோடு சேர்ந்த உத்திகளே.

எல்லாவற்றிலும் நுட்பமானது, கண்ட தலைகளைக் கொண்டு காணாத தலைகளை மதிப்பிடும் முறை. இதன் பிறப்பிடம் வாவிக்கரை மக்களுக்கு வியப்பளிக்கும். 1896 இல் டென்மார்க்கின் மீனியல் அறிஞர் பீற்றர்சன், லிம்ஃபியோர்ட் என்னும் ஆழங்குறைந்த கடனீரேரியில் தட்டைமீன்களுக்கு அடையாளமிட்டு நீரில் விட்டு, மறுபடி பிடிபடுபவற்றில் அடையாளமுள்ளவை எத்தனை என்று பார்த்த ஆய்வை வெளியிட்டார். அந்த வழியில், பிடிபடாத மீன்களின் தொகையையும் கணிக்க முடிந்தது. அதே சிந்தனை ஆசியாவிலும் வேர்விட்டது: இந்தியப் புள்ளியியல் அறிஞர் சந்திரசேகரும் அமெரிக்கரான டெமிங்கும் 1949 இல் வெளியிட்ட ஆய்வில், கல்கத்தாவை அடுத்த சிங்கூர்ப் பகுதியின் பிறப்பு இறப்புப் பதிவாளர் பட்டியலையும், வீடு வீடாகச் சென்று எடுத்த பட்டியலையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, இரண்டிலும் விடுபட்ட பிறப்பு இறப்புகள் எத்தனை என்பதைக் கணக்கிட்டுக் காட்டினர். பிரேசிலின் அரக்காஜு நகரில் தெருச்சிறுவர்களின் தொகையை அறிவதற்கும் இம்முறை பின்னர் கையாளப்பட்டது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கைப் பார்க்கலாம். முதற் கிழமையில் 60 இளையோர் எண்ணப்படுகின்றனர் என்றும், மூன்றாம் கிழமையில் வேறொரு குழு சென்று 50 பேரை எண்ணுகிறது என்றும் கொள்க. அந்த 50 பேரில் 15 பேர் முதற் கிழமையிலும் எண்ணப்பட்டவர்கள். அறுபதை ஐம்பதால் பெருக்கிப் பதினைந்தால் வகுத்தால் 200 வருகிறது. இரு குழுக்களும் சேர்ந்து நேரிற் கண்டது 95 பேரை மட்டுமே. மீதி 105 பேர் யார் கண்ணிலும் படாதவர்கள்! அவர்களின் பெயரும் முகமும் தெரியாதபோதும், அவர்கள் இருக்கிறார்கள் என்பதை இந்த எளிய கணக்கு உறுதியாகச் சொல்லிவிடுகிறது. இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு: இரண்டு எண்ணல்களுக்கும் இடையில் பலர் ஊரைவிட்டுப் போய்விடக் கூடாது, முதலில் எண்ணப்பட்டவர் இரண்டாம் முறை ஒளிந்துகொள்ளக் கூடாது, ஒரே ஆளை இரண்டு ஆளாகக் கொள்ளவும் கூடாது. கடைசி நிபந்தனைக்காக ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் தேவைப்படுகிறது.

அடையாளம் என்ற இந்த இடத்தில்தான் மட்டக்களப்பின் வரலாறு குறுக்கே வந்து நிற்கிறது. இம்மண்ணில் இளையோரின் பெயர்ப்பட்டியல் என்பது சாதாரணக் காகிதமாக இருந்ததில்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோரில் 158 பேர், 1990 செப்டெம்பர் 5 ஆம் நாள் பிரித்தெடுக்கப்பட்டுப் படையினரால் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் திரும்பி வரவில்லை. முகம் மறைத்து ஆட்களைக் காட்டிக்கொடுத்த தலையாட்டிகளின் முன்னே வரிசையில் நின்ற நினைவு இன்னும் பலர் நெஞ்சில் இருக்கிறது. ஆயுத இயக்கங்கள் பிள்ளைகளைப் படைக்குச் சேர்த்த ஆண்டுகளில், வீட்டிலுள்ள பதினைந்து வயதுப் பிள்ளையை இல்லை என்று சொல்லி மறைப்பதே தாயின் கடமையாக இருந்தது. அந்தத் தாய்மார் இன்று அம்மம்மாக்கள். ‘வீட்டில் இளம்பிள்ளைகள் எத்தனை பேர்’ என்று ஒருவர் பேனாவோடு வந்து கேட்டால், அவர்கள் உடனே உண்மை சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

சட்டமும் அச்சத்தைக் கூட்டுகிறது. பிரித்தானியர் 1841 இல் இயற்றிய அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், பிழைக்க வழியின்றி, உரியவரின் அனுமதியும் இன்றிப் பிறர் விறாந்தையிலோ கொட்டிலிலோ வண்டியிலோ தங்குபவரைக் குற்றவாளியாக்கும் நோக்கில் எழுதப்பட்டது. வீடற்றிருப்பதையே குற்றமாகக் கருதும் ஒரு சட்டத்தின் நிழலில், தான் வீடற்றவன் என்று எந்த இளைஞன் ஒப்புக்கொள்ளுவான்?

ஆகவே இங்கே எண்ணத் தொடங்குவோர் முதலில் செய்ய வேண்டியது பெயரைக் கேளாமல் விடுவது. தாயின் பெயரின் முதலெழுத்து, தன் பெயரின் இரண்டாம் எழுத்து, பிறந்த மாதம், உடன்பிறந்தோர் தொகை என்பவற்றைச் சேர்த்து ஒரு குறியீடு அமைத்தால், ஒருவரை இருமுறை எண்ணாமல் தவிர்க்கலாம். அக்குறியீட்டைக் கொண்டு எவரும் அவர் வாசலுக்குச் செல்ல முடியாது. தாள்கள் பொலிஸ் நிலையத்திற்கோ படைமுகாமிற்கோ போகமாட்டா என்ற உறுதி எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும். ஆபத்தில் இருக்கும் பிள்ளையைக் கண்டால் என்ன செய்வது, நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்து அலுவலருள் யாரை அழைப்பது என்பதும் எண்ணும் நாளுக்கு முன்னரே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். உதவி செய்ய வழி வைக்காமல் எண்ணிக்கை மட்டும் எடுத்துச் செல்வது அந்தப் பிள்ளைகளுக்கு இழைக்கும் துரோகம்.

இதனை மட்டக்களப்பு நகரை அடக்கிய மண்முனை வடக்குப் பிரதேசத்தில் எங்கே செய்வது? வாவியோரத்து மீன்வாடிகளில் விடியற்காலையில். நகரின் பஸ் நிலையத்தில் கடைசி பஸ் போன பிறகு. தனியார் கல்வி நிலையங்களின் வாசலில் மாலையில். சிறுவர் இல்லங்களில், கடந்த மூன்றாண்டுகளில் வெளியேறியோரின் இன்றைய நிலையைக் கேட்டு. மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்திற்குப் பல ஊர்களிலிருந்தும் சனம் திரளும் நாள்களில் எண்ணலாம் என்று ஒருவர் கருதக்கூடும். அது பிழையான யோசனை. அந்நாள்களில் கோயில் வீதியில் உறங்குவோரில் பெரும்பாலோர் வீடுள்ள அடியார்கள்; திருவிழா முடிந்ததும் அவர்கள் கலைந்துவிடுவதால் இருமுறை எண்ணும் கணக்கின் நிபந்தனையும் குலைந்துவிடும். இத்தகைய விடயங்களை வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் அறியமாட்டார். ஊரார் அறிவார்கள்.

‘எண்ணிக்கை வந்தால் சோறு வருமா’ என்று கேட்போரும் உண்டு. நியாயமான கேள்வி. 2023 இல் தொடங்கிய அஸ்வெசும நலத்திட்டம் 22 குறிகாட்டிகளைக் கொண்டு தகுதியை அளக்கிறது. அளக்கப்படும் அலகு குடும்பம். குடும்பமாக எழுதப்படாத இளையவருக்கு அதில் வரி இல்லை. பாடசாலையை விட்டவர் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கக் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் தேவை. நிலையான இடமில்லாதவரை எந்தக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்துவார்? அடையாள அட்டை இல்லையேல் வங்கிக் கணக்கு இல்லை, முறையான வேலை இல்லை, தொழிற்பயிற்சியில் இடம் இல்லை. இத்தனை பேர் இந்தக் கதவில் நின்று திரும்புகிறார்கள் என்று ஒரு தொகையைக் காட்டினாலன்றிக் கதவின் விதியை மாற்றுமாறு எந்த அலுவலகத்திலும் வாதாட முடியாது.

நாட்டின் அண்மைய தொகைமதிப்பு 2024 டிசம்பர் 19 ஐ மைய நாளாகக் கொண்டு, முதன்முறையாகக் காகிதத்திற்குப் பதில் கைக்கணினியைப் பயன்படுத்தி எடுக்கப்பட்டது. கருவி புதிது, பயணம் பழையது: அதுவும் வீட்டு வாசலிலிருந்தே தொடங்கிற்று. அடுத்த தொகைமதிப்பு வருவதற்குப் பத்தாண்டுகள் ஆகலாம். அதற்குள் இன்றைய பதினாறு வயதுப் பிள்ளைக்கு இருபத்தாறு வயதாகிவிடும். எனவே அதிபர்கள் தத்தம் பாடசாலையில் ஒரு கிழமைக் கணக்கையாவது இவ்வாண்டே எடுக்க வேண்டும் என்பதும், பிரதேச செயலகம் பெயரில்லாக் குறியீட்டு முறையில் இருமுறை எண்ணும் ஓர் ஆய்வுக்கு இடந்தர வேண்டும் என்பதும், அவையின் பின்வரிசையில் இருக்கும் இளையோர் எண்ணப்படுவோராக மட்டும் இராமல் எண்ணுவோராகவும் முன்வர வேண்டும் என்பதும் இவ்வவையின் முன் வைக்கப்படும் வேண்டுகோள்.